எழுபத்தைந்து சென்ட்டும் அரை விநாடியும்

கணினிப் பாதுகாப்பு என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது பூட்டும் சாவியும்தான். கடவுச்சொல், தீயரண், நச்சுநிரல் தடுப்பான் என்று நாம் அறிந்து வைத்திருக்கும் சொற்களும் கோட்டைக் காவலைச் சார்ந்தவையே. ஆனால் கட்டற்ற மென்பொருள்களின் நாற்பதாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பெரிய திருட்டுகளைக் கண்டுபிடித்தவர்களிடம் காவலாளியின் குணத்தைவிடக் கணக்குப்பிள்ளையின் குணமே மிகுந்திருந்தது தெரியவரும். கணக்கு இடிக்கும் இடத்தில் நின்று, ஏன் என்று கேட்டவர்கள் அவர்கள். கேட்காமல் கடந்துபோனதால் விளைந்த கேடும் அதே வரலாற்றில் உண்டு. லினக்ஸ் போன்ற திறமூல இயங்குதளங்களைப் புழங்குவோருக்குப் பழுது பார்ப்பதும் பாதுகாப்பும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள் என்பதை நான்கு நிகழ்ச்சிகளின் வழியே சொல்ல முயல்கிறேன்.

* * *

கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்றொரு வானியலாளர் இருந்தார். அவருடைய ஆய்வு நல்கை தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அக்காலத்தில் கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு துறையிடமும் கட்டணம் வசூலிப்பது வழக்கம். 1986 ஆகஸ்டில், கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, காரணம் பார் என்று அவரிடம் ஒப்படைத்தார்கள். ஆயிரக்கணக்கான டாலர் புழங்கும் கணக்கில் முக்கால் டாலர் ஒரு பொருட்டே அல்ல. கையிலிருந்து போட்டு நேர்செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஸ்டோல் தோண்டினார். கட்டணம் அனுப்ப முகவரியே இல்லாத ஒரு பயனர் சில விநாடிகள் கணினியை இயக்கியிருந்தது தெரியவந்தது. அங்கே நுழைந்திருந்தது அந்நியன் ஒருவன்.

அவன் நுழைந்த வழி நம் கட்டுரைக்கு முக்கியமானது. அந்தக் கணினிகளில் குனு ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பான் நிறுவப்பட்டிருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கி, மூலநிரலோடு எவருக்கும் வழங்கிய கட்டற்ற மென்பொருள் அது. அதனுடன் வரும் மூவ்மெயில் என்ற சிறு நிரல், வந்த அஞ்சலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும். அந்த நிறுவலில் அதற்குத் தலைமைப் பயனரின் முழு அதிகாரமும் கொடுக்கப்பட்டிருந்தது. எதை எங்கே வைக்கிறோம் என்று அது சோதிக்கவில்லை. வந்தவன் தன் போலி நிரலை, இயங்குதளத்தின் நிரல் இருக்கவேண்டிய இடத்தில் வைத்தான். கணினி அதைத் தன் குஞ்சென்றே எண்ணி இயக்கியது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை நம் ஊரில் அறியாதார் இல்லை. ஸ்டோல் 1989இல் இவ்வனுபவத்தை எழுதிய நூலுக்கும் குயில் முட்டை என்ற பொருளிலேயே தலைப்பு வைத்தார்.

வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் ஸ்டோல் காகிதத்தில் பதிந்தார். குறிப்பேடு ஒன்றில் நாள், நேரத்தோடு எழுதிவந்தார். ஒரு டாலர்கூட நட்டமில்லாத வழக்கில் எஃப்பிஐ முதலில் அக்கறை காட்டவில்லை. தடம் கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவரிடம் சென்று முடிந்தது. அமெரிக்க ராணுவக் கணினிகளிலிருந்து எடுத்த தகவல்களை அவருடைய கூட்டம் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு விற்றுவந்தது. 1990இல் தண்டனை விதிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த 75 சென்ட்.

* * *

கணக்கு இடித்தால் திருடன்தான் காரணம் என்பதில்லை. இயந்திரமே பொய் சொல்லலாம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டபின், தொண்ணூறுகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் பலர் கர்னல் என்னும் அதன் உட்கருவைத் தம் கணினியிலேயே மூலநிரலிலிருந்து தொகுத்துக்கொண்டார்கள். அது பொறுமையைச் சோதிக்கும் நீண்ட வேலை. பாதியில் தொகுப்பான் 'சிக்னல் 11' என்று சொல்லிவிட்டு நின்றுபோகும். தனக்கு உரியதல்லாத நினைவகப் பகுதியை ஒரு நிரல் தொட்டுவிட்டது என்பது அதன் பொருள். தொகுப்பானில் பிழை என்றே பலரும் முறையிட்டார்கள். நெதர்லாந்தின் ரோஜியர் வோல்ஃப் இதற்கென்றே ஒரு கேள்வி-பதில் தொகுப்பைப் பராமரித்துவந்தார். அதன் சாரம் எளியது. மறுபடி ஓட்டிப் பார். அதே இடத்தில் நின்றால் மென்பொருளைச் சந்தேகி. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் வன்பொருளைச் சந்தேகி. பழுதான நினைவகச் சில்லு, விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டப்படும் செயலி, சுழலாத விசிறி, அதனால் ஏறும் சூடு என்று காரணங்கள் வரிசையாக வரும்.

இதே கணினியில் விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிறதே என்பது அன்றைய வழக்கமான எதிர்வாதம். படம் ஒன்றில் ஒரு பிட் மாறினால் ஒரு புள்ளியின் நிறம் சற்றே மாறும். யாரும் கவனிக்கப் போவதில்லை. தொகுப்பானோ நினைவகம் முழுவதையும் முகவரிகளால் நிரப்பி வேலை செய்வது. அங்கே ஒரு பிட் புரண்டால் முகவரி தவறி, அந்த இடத்திலேயே வீழ்ந்துவிடும். லினக்ஸ் பழுதை உண்டாக்கவில்லை, உள்ளே இருந்த பழுதை வெளியே சொன்னது.

இச்சிக்கலுக்கு அன்று பிறந்த மருந்து இன்றும் பயன்படுகிறது. கிறிஸ் பிரேடி 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86, இயங்குதளம் எதுவும் இன்றித் தானே ஓடி, நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஒன்றை எழுதி, எழுதியதே திரும்ப வருகிறதா என்று பார்க்கும். பிழை காட்டினால் நினைவக அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பதே வழி. வன்தட்டும் அப்படித்தான். கெட்டுப்போன பகுதிகளை எத்தனை முறை ஒதுக்கிவைக்க நேர்ந்தது என்று அது தன் கணக்கைத் தானே எழுதிவருகிறது. அந்த எண் ஏறத் தொடங்கினால், தகவல்களின் நகலை வேறு தட்டில் எடுத்துக்கொள்ளும் நாள் வந்துவிட்டது என்று கொள்ளவேண்டும்.

வன்பொருள் பழுதைப் பாதுகாப்போடு சேர்த்துப் பேசுவது மிகை என்று தோன்றலாம். 2014இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தையும் இன்டெலையும் சேர்ந்த ஆய்வாளர்கள், நினைவகத்தின் ஒரு வரிசையை இடைவிடாமல் தொட்டுக்கொண்டே இருந்தால் பக்கத்து வரிசையில் பிட்கள் புரளும் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, இந்தக் குறையைக் கொண்டு லினக்ஸில் சாதாரணப் பயனர் ஒருவர் தலைமைப் பயனரின் அதிகாரத்தைப் பெறமுடியும் என்று நிறுவியது. பழுதுக்கும் படையெடுப்புக்கும் நடுவே இருந்த சுவர் அத்தனை மெல்லியது.

* * *

மூன்றாவது நிகழ்ச்சியில் எச்சரிக்கை ஒலித்தது. அதன் வாயைக் கட்டிவிட்டார்கள்.

நார்ஸ் புராணத்தில் மாண்ட வீரர்களின் மண்டபமான வால்ஹல்லாவின் வாயிலுக்கு வால்கிரிண்ட் என்று பெயர். அப்பெயரில் ஜூலியன் சீவர்ட் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் ஒன்று 2002இல் வெளிவந்தது. பிற நிரல்களைத் தன் கண்காணிப்பில் ஓடவிட்டு, நினைவகத்தை முறைதவறிக் கையாளும் இடங்களைச் சுட்டிக்காட்டுவது அதன் பணி. இணையத்தில் தகவல்களை மறைகுறியாக்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில், மதிப்பு எதுவும் இடப்படாத நினைவகம் பயன்படுகிறது என்று அது முறையிட்டுக்கொண்டே இருந்தது. டெபியன் லினக்ஸில் அந்த நிரலைப் பராமரித்தவர், இரண்டு வரிகளை நீக்கினால் தொல்லை தீரும் எனக் கண்டு, உருவாக்குநர்களின் மடற்குழுவில் கேட்கவும் செய்தார். அங்கே தடை சொல்வார் இல்லை. 2006இல் வரிகள் செயலிழக்கப்பட்டன. முறையீடும் நின்றது.

அவ்விரண்டில் ஒரு வரியை நீக்கியதில் தீங்கில்லை. மற்றொன்றோ, சாவிகளை உருவாக்கத் தேவையான சமவாய்ப்பு அனைத்தும் உள்ளே வரும் வாயில். அது மூடப்பட்டபின் எஞ்சியது, இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் இடும் வரிசை எண் மட்டுமே. அவ்வெண்ணின் உச்சவரம்பு வழக்கமாக 32,768. எண்ணித் தீராத அளவு இருக்கவேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கின. எவரும் ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் செய்து பையில் போட்டுக்கொள்ளலாம். லூசியானோ பெல்லோ இதைக் கண்டறிய, 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தது. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவும் தப்பவில்லை. இருபது மாதங்களில் உருவான சாவிகளை எல்லாம் தூக்கியெறிந்து புதிதாகச் செய்யவேண்டியதாயிற்று.

நிரல் திறந்திருந்தால் பலர் பார்ப்பார்கள், பலர் பார்த்தால் பிழை நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது என்ற நம்பிக்கை, எரிக் ரேமண்ட் 1997இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவலாயிற்று. அந்த இரு வரிகளும் இருபது மாதமும் உலகின் பார்வையில்தான் இருந்தன. அச்சாகிக் கிடைப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு என்பதைச் சிற்றிதழ் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

* * *

பதினாறு ஆண்டுகள் கழித்து அதே வால்கிரிண்ட் மீண்டும் முறையிட்டது. இம்முறை ஒருவர் அதை மறக்காமல் இருந்தார்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியை லாஸ்ஸே காலின் பல்லாண்டுகளாக ஏறத்தாழத் தனியாளாக, ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 2022இல் மடற்குழுவில் சிலர், வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். தம் சோர்வை அவர் வெளிப்படையாகவே எழுதினார். உதவிக்கு வந்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் 2021 முதல் பொறுமையாக வேலை செய்துவந்த ஒருவர். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது வெளிப்படவே இல்லை. பராமரிப்புப் பொறுப்பு மெல்லக் கைக்கு வந்தபின், 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில் குயில் முட்டை வைக்கப்பட்டது. சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் அது ஒளிந்திருந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. களஞ்சியத்தை வரிவரியாக வாசித்தவருக்கும் அவ்வரிகள் கண்ணில் பட்டிரா. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உலகெங்கும் பயன்படும் எஸ்எஸ்எச் வாயிலுக்குக் கள்ளச்சாவி செய்வதே நோக்கம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் வேறொரு வேலையாக டெபியனின் சோதனை வடிவில் வேக அளவீடுகள் செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் நுழைவு ஏறத்தாழ அரை விநாடி அதிகம் எடுத்தது. தோற்றுப்போகும் நுழைவு முயற்சிகள்கூடச் செயலியை அளவுக்கு மீறி உண்டன. சில வாரங்களுக்கு முன் வால்கிரிண்ட் செய்த விசித்திரமான முறையீடுகள் அவர் நினைவுக்கு வந்தன. அம்முறையீடுகளை அடக்குவதற்காகவே 5.6.1 பதிப்பு அவசரமாக வெளியிடப்பட்டிருந்தது என்பது பின்னர் புரிந்தது. 2024 மார்ச் 29 அன்று அவர் உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் நுழையுமுன்பே அது பிடிபட்டது. பல தற்செயல்கள் கூடிவந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்று அவரே சொன்னார்.

* * *

இவற்றிலிருந்து சாதாரணப் பயனர் எடுத்துக்கொள்ள வேண்டியவை அரிய வித்தைகள் அல்ல. தலைமைப் பயனராக அன்றாட வேலைகளைச் செய்யாதிருப்பது மூவ்மெயில் தந்த பாடம். பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவதும், திருத்தம் பழைய சாவிகளைச் செல்லாததாக்கினால் அவற்றையும் மாற்றுவதும் 2008இன் பாடம். இறக்கிய நிறுவல் வட்டின் சரிபார்ப்புத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. வட்டை மாற்றியவன் அதே தளத்தில் தொகையையும் மாற்றியிருக்கலாம். வெளியிட்டவரின் மின்கையொப்பத்தையும் சோதிக்கவேண்டும். எக்ஸ்இசட் போல முட்டையிட்டவரே கையொப்பமும் இடும்போது அதுவும் பொய்க்கும். அப்போது எஞ்சுவது கவனம் மட்டுமே.

கவனம் என்பதைப் பெரிய சொல்லாக இங்கே வைக்கவில்லை. பழகிய சர்வருக்குள் நுழையும்போது, அதன் அடையாளச் சாவி மாறியிருக்கிறது என்று எஸ்எஸ்எச் பெரிய எழுத்துகளில் எச்சரிக்கும். நம்மில் பலர் செய்வது, பழைய சாவி இருக்கும் வரியை அழித்துவிட்டு உள்ளே போவது. பெரும்பாலும் யாரோ இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியிருப்பார்கள், தீங்கொன்றும் இராது. அதை உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்துகொள்ள இரண்டு நிமிடம் போதும். நேற்றுவரை ஓடிய வேலை இன்று காரணமின்றி நின்றால், மறுதொடக்கம் செய்யுமுன் கர்னலின் பதிவேட்டில் கடைசிச் சில வரிகளைப் படிக்கவும் அவ்வளவு நேரமே ஆகும். படித்ததை நாள் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த முறை அதே இடத்தில் நின்றதா, வேறிடத்திலா என்று சொல்லமுடியும்.

லாஸ்ஸே காலின் திரும்பிவந்து, நிரலை வரிவரியாகச் சோதித்து, 2024 மே மாத இறுதியில் கள்ளவாயில் நீங்கிய 5.6.2 பதிப்பை வெளியிட்டார். அவருடைய வரிகள் இன்றும் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடுகின்றன. அவற்றைப் படிப்பவர்களின் எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் கூடுமானால், அடுத்த முறை ஒருவருடைய தற்செயலான அரை விநாடியை நம்பி நாம் இருக்கவேண்டியதில்லை.