படிக்க வராத எழுத்து

கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியத்தின் முன் முதன்முறை நிற்பவர், தம்மை அறியாமலே கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் பார்ப்பார். சோதிடர் வீட்டு ஏட்டைப் போலக் கட்டங்கள், எண்கள், ஒரு மீன், ஒரு பாம்பு, இடையிடையே பொடியெழுத்தில் வரிகள். மலையாள எழுத்தோ என்று தோன்றும். மலையாளம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவரும் உதட்டைப் பிதுக்குவார். எழுத்தின் சாயல் முழுக்க இருக்கிறது, சொல்லைத்தான் காணோம்.

1963 வாக்கில் அவர் இந்த வரிசையைத் தொடங்கியபோது வயது 52. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். நீர்வண்ண நிலக்காட்சிகளுக்கு ஏற்கெனவே பெயர்பெற்றவர். கைவந்த வித்தையை அந்த வயதில் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதிதாக அரிச்சுவடி எழுத உட்காருவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். மாணவர்களிடம் அவர் விதைத்தது பாணியைவிட இந்தத் துணிச்சலைத்தான் என்பது என் எண்ணம். அவரிடம் படித்தவர்களில் யாரும் அவரைப் போல வரையவில்லை என்பதே அதற்குச் சாட்சி.

அதே காலத்தில் சென்னையின் இன்னொரு மூலையில் எழுத்தாளர்களும் எழுத்தைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிற்றிதழ்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கியது 'எழுத்து'. 1970இல் வந்தது 'கசடதபற'. பொருளுள்ள சொல்லே இல்லை, ஆறு வல்லினங்களின் அணிவகுப்பு. பரந்தாமனின் 'அஃக்' ஆய்தத்தைத் தலையில் சூடிக்கொண்டது. கவிஞர் ஆத்மாநாம் நடத்திய இதழின் பெயரோ 'ழ', அவ்வளவுதான். இருபது ஆண்டுக்குள் இதழின் பெயர் சொல்லிலிருந்து ஒற்றை எழுத்துக்குச் சுருங்கிவிட்டது. இதைப் பெயர் வைப்பதில் காட்டிய குறும்பு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்துக்கு ஓர் ஓசையும் உருவமும் உண்டு, அர்த்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. பணிக்கர் தூரிகையால் போய்ச் சேர்ந்த இடமும் அதுவே.

இந்த இரு கூட்டமும் கைகோத்ததற்குக் கொள்கையைக் காட்டிலும் அச்சகம் பெரிய காரணம். அன்றைய சிற்றிதழ் ஈய எழுத்தைக் கோத்து அச்சடிக்கப்பட்டது. கையிருப்பில் இருக்கும் தலைப்பு எழுத்துகள் இரண்டோ மூன்றோ வகை. கல்யாணப் பத்திரிகைக்கும் அவைதான், கவிதைக்கும் அவைதான். புதுமாதிரித் தலைப்பு வேண்டுமென்றால் யாராவது கையால் எழுதித் தந்து, அதைப் பிளாக் எடுக்க வேண்டும். படம் போடுவதிலும் இதே சிக்கல். சாம்பல் நிறச் சாயைகளைக் காட்ட ஆஃப்டோன் பிளாக் வேண்டும். அதற்குக் காசும் அதிகம், நல்ல தாளும் தேவை. மட்டத் தாளில் அது கரியப்பிய முகமாகிவிடும். லைன் பிளாக் அப்படியில்லை. கறுப்புக் கோடு, வெள்ளைத் தாள், எந்தத் தாளிலும் நிற்கும். சென்னை ஓவியர்களின் பலமோ கோடு. சோழர் செப்புத் திருமேனியின் விளிம்பிலும் கோலத்திலும் அவர்கள் கண்டு பழகிய கோடு. ஏழை இதழுக்குக் கட்டுப்படியான ஒரே ஓவியமும் அதுவாக இருந்தது. வறுமை வழிவிட்டது என்று சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனால் நடந்தது அதுதான்.

கே.எம். ஆதிமூலம் இந்தப் பொருத்தத்தின் உச்சம். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். சிற்பி தனபாலின் அரவணைப்பில் ஓவியப் பள்ளிக்குள் வந்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி, காந்தியைக் கருப்பு மையில் நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். பின்னே அவர் எண்ணெய் வண்ணத்தில் அரூபத்துக்குப் போனார். கலை வணிகர்கள் கொண்டாடுவது அந்தப் பெரிய வண்ணத் திரைகளை. என்னைக் கேட்டால், அவருடைய மெய்யான சோதனைக்கூடம் சிற்றிதழ்ப் பக்கம்தான். தமிழ் எழுத்தின் சுழியையும் கொம்பையும் தூரிகையின் போக்கில் நெளியவிட்டு அவர் எழுதிய தலைப்புகள் புத்தக அட்டையில் படமாகவும் பெயராகவும் ஒரே நேரத்தில் நின்றன. பணிக்கர் எழுத்திலிருந்து படிப்பைக் கழற்றி எடுத்தார் என்றால், ஆதிமூலம் படிக்கிற எழுத்தையே நிறுத்திப் பார்க்க வைத்தார்.

சேலத்துக் கவிஞர் சி. மணி பின்னின்ற 'நடை' 1968 முதல் 1970 வரைதான் வந்தது. ஆனால் புதுக்கவிதை, ஓவியம், நாடகம் மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த இதழ் அது. ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' நாடகம் அதில்தான் வெளியாயிற்று. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைக் கண்டு அவர் அடியோடு மாறியதும், 1977இல் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை பிறந்ததும் தனிக் கட்டுரைக்குரியவை.

சோறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓவியம் விற்காத ஊரில் ஓவியராக எப்படி வாழ்வது? பணிக்கரும் மாணவர்களும் கண்ட விடை பாத்திக். மெழுகு தடவிச் சாயம் தோய்த்த துணிகளை விற்றுக் காசு சேர்த்து, மாமல்லபுரம் போகும் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்வெளி வாங்கினார்கள். 1966இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. பாதி நாள் கைத்தொழில், மீதி நேரம் தன் ஓவியம். கைத்தொழிலைக் கலையைவிட ஒருபடி கீழே வைக்கும் மேட்டிமை இன்றும் நம்மிடம் இருக்கிறது. அந்தத் தோய்த்த துணிதான் அவர்களைப் புரவலர் வாசலில் நிற்காமல் காத்தது. நெசவாளர் சேவை மையத்தில் ஓவியர் ரெட்டப்ப நாயுடு வேலை பார்த்ததும் இதே கணக்கில் சேரும். சென்னை ஓவியப் பள்ளியில் முன்பு படித்த தசரத் படேலும் இந்த வழியில் போனவர்தான்; அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர்களுள் ஒருவரானார்.

சோழமண்டலத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் எஸ்.ஜி. வாசுதேவ். 1970இல் வெளிவந்த கன்னடப் படம் 'சம்ஸ்கார'வுக்குக் கலை இயக்கம் அவருடையது. மலைநாட்டு அக்கிரகாரக் கதை என்றாலும் அதை எடுத்த கூட்டத்தின் சந்திப்பிடம் சென்னை. இயக்கியவர் பட்டாபிராம ரெட்டி, தெலுங்கில் புதுக்கவிதை எழுதியவர். மூலக் கதை யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவல். நாயகன், அப்போது சென்னையில் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்த நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட். உடன் நடித்த லங்கேஷ் எழுத்தாளர். இசை, ஆங்கில இலக்கியம் கற்பித்த சரோத் கலைஞர் ராஜீவ் தாராநாத். சினிமாவையே தொழிலாகக் கொண்டவர் என்று பெயர்ப்பட்டியலில் தேடினால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் டாம் கோவன் அகப்படுவார். தணிக்கைக் குழு முதலில் தடுத்தது. பிறகு படம் வெளிவந்து சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

தமிழில் அதற்கு ஈடாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் 1977இன் 'அக்ரஹாரத்தில் கழுதை'யைச் சொல்லலாம். கொல்லப்பட்ட கழுதை தெய்வமாகிற கதை. 'எழுத்து' வழியே விமர்சகராக வளர்ந்த வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, ஜான் ஆபிரகாம் இயக்கினார். கழுதைக் குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், ஒற்றைக் குரலுக்கே பழகிய நம் செவிக்குப் பாரதியைச் சேர்ந்திசையாகத் தந்தவர். படத்தில் ஒட்டுகள் துருத்திக்கொண்டு தெரியும். 'சம்ஸ்கார'வின் இறுக்கம் இதில் இல்லை. தமிழ் சினிமாவுக்குள் சிற்றிதழ் நேராக நடந்து வந்த அபூர்வ வேளை என்பதற்காகவே அந்த ஒட்டுகளைப் பொறுத்துக்கொள்கிறேன்.

பெயர்களைத் திரும்பிப் பார்த்தால் ஆண்களாகவே இருக்கிறார்கள். பணிக்கரின் மாணவி டி.கே. பத்மினி 29 வயதில், 1969இல் மறைந்தார். சோழமண்டலத்தில் வாழ்ந்த ஓவியர் அர்னவாஸும் நீண்ட ஆயுள் பெறவில்லை. இருவரையும் பற்றித் தமிழில் ஒரு முழுநூல் எழுதப்பட வேண்டும்.

சிற்றிதழ் சில நூறு பேர் படித்தது. அதன் கோடு பெருவாரி மக்களிடம் போனது, கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் ஆதிமூலத்தின் படங்களோடு வந்தபோது. பேசுகிறபடியே எழுதிய கி.ரா.வின் நடைக்கும், கிறுக்கல் போலத் தொடங்கிச் சம்சாரியின் முகமாக முடியும் அந்தப் பேனாவுக்கும் ஒரே மண்வாசனை. முடிதிருத்தும் கடை பெஞ்சில் அந்தப் பக்கத்தைப் புரட்டிய எவரும் நவீன ஓவியம் புரியவில்லை என்று புகார் சொன்னதாக நான் கேட்டதில்லை.

பணிக்கர் 1977இல் காலமானார். ஆத்மாநாமின் 'ழ' மறு ஆண்டு வந்தது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான எழுத்து அது; கோயம்புத்தூரில் பிறந்த அந்த மலையாளிக்கு இரண்டு வகையிலும் சொந்தம். ஒற்றை எழுத்து மட்டும் நிற்கும் அந்த அட்டையை அவர் கையில் கொடுத்திருந்தால், வாய்விட்டுப் படித்திருப்பாரா, பென்சிலைத் தேடியிருப்பாரா?