சக்கரத்து அழுக்குக்கும் ஒரு சரித்திரம் உண்டு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். இலத்தூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பாவின் பைக்கை நிறுத்திக் கழுவ ஆரம்பித்தேன். தினமும் வயலுக்குப் போய் வரும் வண்டி அது. பின் சக்கரத்தில் செயின் எண்ணெயும் சேறும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. சோப்பு போட்டேன், போகவில்லை. பொறுமை இழந்து, கழிப்பறை கழுவும் ஆசிடை ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தேன். நுரை பொங்கியது. ஆஹா, அழுக்கு போகுது என்று சந்தோஷம் வேறு! காய்ந்த பிறகு பார்த்தால் அலாய் வீல் முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் திட்டு.

தாத்தா குனிந்து பார்த்தார். "ஏல, நான் புல்லட்டுல செஞ்ச தப்பத்தான் நீயும் செஞ்சிருக்க" என்றார். அவர் அந்தக் காலத்தில் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலவே செங்கல் பொடியும் புளியும் போட்டு ரிம்மைத் தேய்த்தாராம். ஒரே மழைக்காலத்தில் ரிம் முழுக்கத் துரு.

அப்பா எதுவும் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. ஏன் இப்படி ஆச்சு என்று தேடிப் படித்தேன். கிடைத்தது ஒரு வரலாறு! சக்கரம் எதனால் செய்யப்பட்டது என்பது மாற மாற, அழுக்கும் மாறியிருக்கிறது, கழுவும் முறையும் மாறியிருக்கிறது. நாம்தான் பழைய பழக்கத்தையே பிடித்துக்கொண்டு இருக்கிறோம்.

முதலில் மரம். 1885-ல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் செய்த மோட்டார் வண்டிக்கு மரச் சக்கரம், அதைச் சுற்றி இரும்புப் பட்டை. நம்ம ஊர் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரியேதான். மாட்டு வண்டியைக் குளத்தில் இறக்கிக் கழுவுவார்கள் இல்லையா? அதில் அழுக்கும் போகும், மரம் ஊறி உப்பி இரும்புப் பட்டை இறுக்கமாகவும் நிற்கும். ஒரே வேலையில் இரண்டு லாபம்.

அடுத்தது கம்பிச் சக்கரம். 1874-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குறுக்கும் மறுக்கும் சாய்வாகக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிளுக்கு வந்த அந்த முறை அப்படியே மோட்டார் சைக்கிளுக்கும் போனது. எடை குறைந்தது. ஆனால் கம்பிகள் குறுக்கிடும் இடத்திலும் நிப்பிள் அடியிலும் சேறு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது. ஈரச்சேறு அங்கேயே தங்கினால் கம்பி துருப்பிடித்து ஒருநாள் பட்டென்று அறுந்துவிடும்.

1920-களில் குரோமியம் முலாம் தொழில்முறையில் பரவியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் கூட்டுச் சேர்ந்து, பிறகு திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட்டுகள் வரத் தொடங்கின. தாத்தாவின் வண்டி அந்த வம்சம். பளபளக்கும் அந்த ரிம்மில் உண்மையில் மூன்று அடுக்கு: உள்ளே இரும்பு, மேலே நிக்கல், அதற்கும் மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். செங்கல் பொடி அந்த மெல்லிய தோலைக் கீறிவிடும், கீறல் வழியே தண்ணீர் உள்ளே போகும். பித்தளைக்கு இந்தக் கவலை இல்லை, ஏனென்றால் அது உள்ளேயும் வெளியேயும் ஒரே உலோகம். புளியின் அமிலம் மேலே படிந்த கருப்பைக் கரைத்துவிட்டால், அடியில் இருப்பதும் பித்தளைதான்.

இனி என் பாவத்துக்கு வருவோம் :) வார்ப்பு அலுமினியச் சக்கரங்கள் பந்தய வண்டிகளிலிருந்து 1970-களில் சாலை பைக்குகளுக்கு வந்தன. நம் நாட்டில் 2000-களின் நடுவில் பல்சர் போன்ற வண்டிகளால் அது பரவலானது. அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வார்னிஷ் பூச்சு இருக்கும். கம்பி நார் அதைக் கிழித்தது, ஆசிட் அடியிலிருந்த அலுமினியத்தைத் தின்றது. நான் பார்த்த நுரை அழுக்கு கரைந்த நுரை இல்லை, உலோகமே கரைந்து வந்த ஹைட்ரஜன் வாயு! கடுமையான காரமும் அலுமினியத்தை இதே போல அரிக்கும்.

அழுக்கிலும் ஒரு புது வகை வந்தது. டிரம் பிரேக்கில் தேயும் தூள் டிரம்முக்குள்ளேயே கிடக்கும். 1969-ல் ஹோண்டா சிபி750 முன் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. இந்தியாவில் 1999-ல் சிபிஇசட் வந்தது. டிஸ்க் வந்தபின் அந்தத் தூள் வெளியே பறந்து சக்கரத்தில் படிகிறது. அதில் இரும்புத் துகள் உண்டு. ஈரத்தில் அது துருவாகிப் பூச்சைப் பிடித்துக்கொள்கிறது. வெறும் தண்ணீரில் போகாத பழுப்புக் கறை அதுதான்.

டிரம்முக்குள் இருக்கும் தூளும் சாது இல்லை. இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலான பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரலாம். அதனால் பழைய வண்டியின் டிரம்மைக் கழற்றி, தூளை வாயால் ஊதவோ காற்றடித்துத் தள்ளவோ கூடாது. ஈரத்துணியால் துடைப்பதே சரி.

அப்போ எப்படித்தான் கழுவுவது? வண்டி ஓடி வந்த சூடு ஆறட்டும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊற வையுங்கள், மண்ணோடு தேய்த்தால் மண்ணே உப்புத்தாள் ஆகிவிடும். பிறகு ஷாம்பூ தண்ணீர், மெத்தென்ற துணி, இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். செயின் கிரீஸுக்கு மட்டும் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். டயரிலும் டிஸ்க்கிலும் படவே கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. இஞ்சினை ஓடவிட்டு, சக்கரம் சுற்றச் சுற்றத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் விரல் போனால் திரும்பி வராது. கையால் சுற்றுங்கள். இன்னொன்று, மாட்டு வண்டி போல பைக்கைக் குளத்தில் இறக்காதீர்கள். அந்த வண்டி விட்டுச் சென்றது வெறும் மண். நம் வண்டி விட்டுச் செல்வது எண்ணெய்.

அப்பாவின் சக்கரத்தில் அந்தத் திட்டுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த நாள் பூஜையில் தாத்தா அதன் மேலேயே பெரிதாகச் சந்தனம் அப்பி மறைத்தார். குங்குமம் வைத்துக்கொண்டே, "எதத் தேய்க்கப்போறோம்னு பாத்துட்டு அப்புறம் கைய வையி பேராண்டி" என்றார். புல்லட்டு போன பிறகு அவர் கற்ற பாடம். எனக்கு அலாய் வீலோடு போச்சு.