மதுவிலக்கும் வீட்டுத் திராட்சமதுவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மதுவிலக்கு 1920 ஜனவரி 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் பல்லாண்டு உழைத்தோருள் மெதடிஸ்டு, பாப்திஸ்து சபையார் முன்னணியில் நின்றனர். ஆயினும் 1919இல் இயற்றப்பட்ட வால்ஸ்டெட் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்தே வைத்தது. வீட்டு உபயோகத்திற்கென வெறியூட்டாத பழச்சாறு தயாரிப்போருக்கு அது விலக்களித்தது. எவ்வளவு சாராயம் இருந்தால் வெறியூட்டும் என்று அப்பிரிவு வரையறுக்கவில்லை. திராட்சைச் சாறோ தானே புளித்து மதுவாகும் இயல்புடையது.

ஆகவே கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்கள் அழியாமல் விரிவடைந்தன. நெடுந்தூர இரயில் பயணத்தைத் தாங்கும் தடித்த தோலும், சதையிலும் செந்நிறமும் உடைய அலிகான்டே பூஷே வகை பெரிதும் விலைபோயிற்று. சர்க்கரையும் நீரும் சேர்த்துப் பெருக்கினாலும் அதன் நிறம் குன்றாது, சுவைதான் குன்றிற்று. பின்னர் வைன்-குளோ என்னும் பெயரில் செறிவூட்டிய சாறு வீடுதேடி வந்தது. பீப்பாயில் 60 நாள் வைத்தால் அது மதுவாயிற்று. 1931இல் நீதிமன்றத் தீர்ப்பொன்றை அடுத்து அவ்வணிகம் நின்றது. 1933 டிசம்பர் 5ஆம் நாள் மதுவிலக்கே நீக்கப்பட்டது.

இவ்வரலாற்றைக் காட்டி மதுவிலக்கை ஏளனம் செய்தல் ஆகாது. மதுக்கடைகளால் சீரழிந்த குடும்பங்களின் கண்ணீரே அவ்வியக்கத்திற்கு வலுவூட்டிற்று. ஆனால் கடைகள் மூடப்பட்டபோது குடிப்பழக்கம் வீட்டின் நிலவறையில் இடம் தேடிக்கொண்டது. அங்கே காவலர் நுழைவது அரிது, போதகர் நுழையலாம். சட்டம் நிறைவேறிய நாளிலேயே சபையின் மேய்ப்புப் பணி அவ்வீடுகளில் தொடங்கியிருக்க வேண்டும்.