நடப்பது வேறு, வலம் வருவது வேறு

சென்னையிலிருந்து கப்பலேறி, மூன்று நாள் தண்ணீரில் ஆடிவிட்டு ஹேடோ துறைமுகத்தில் இறங்குகிறவர்களுக்குத் தரையும் கொஞ்ச நேரம் ஆடும். அந்த ஹேடோ இருக்கிற போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். ஸ்ரீவிஜயம் என்றதும் நமக்கு ராஜேந்திர சோழனும் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும்தான் நினைவுக்கு வரும். அதற்கு மூன்றரை நூற்றாண்டு முன்பு, அதே ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்துவிட்டு இந்தக் கடலைக் கடந்து போனார் ஒரு சீனத் துறவி. பெயர் இட்சிங். பாஹியான், யுவான் சுவாங் பெயர்களோடு பாடப்புத்தகத்தில் மூன்றாவதாக வந்து, மூன்றாவதாகவே மறந்துபோனவர்.

635இல் பிறந்த இட்சிங் 671இல் குவாங்சோவில் ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார். ஸ்ரீவிஜயம், மலாயு வழியாக நம்மவர்கள் கடாரம் என்று அழைத்த கெடாவுக்கு வந்தார். அங்கிருந்து அரசனின் கப்பலில் வடக்கே பத்து நாளுக்கு மேல் பயணம் செய்து, 673இன் தொடக்கத்தில் ஆடையில்லாதவர்களின் நாடு என்று அவர் குறிக்கும் இடத்தை அடைந்தார். ஹேடோவிலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டரில் கார் நிக்கோபார் இருக்கிறதே, அந்தத் தீவுக்கூட்டம்தான் அது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு மாநக்கவாரம் என்று சொல்வதும் இதைத்தான்.

கரையெங்கும் தென்னையும் கமுகும். கப்பலைக் கண்டதும் நூறு படகுகள் வரை நெருங்கி வருகின்றன. தேங்காய், வாழைப்பழம், பிரம்பிலும் மூங்கிலிலும் முடைந்த பொருள்கள் எல்லாம் விற்பனைக்கு. பதிலுக்கு அவர்கள் கேட்பது இரும்பு. இரண்டு விரல் அகல இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய். வியாபாரிகள் வேடிக்கையாகத் துணியை நீட்டினால் கையை ஆட்டி மறுத்துவிடுகிறார்கள். அவர்கள் முடையும் வட்டப் பிரம்புப் பெட்டிக்கு ஈடாக வேறெங்கும் இல்லை என்று மனதாரப் பாராட்டுகிறார் இட்சிங். கப்பல் நின்ற நேரத்தில் விலை, கை அசைவு, பெட்டியின் வேலைப்பாடு வரை கவனித்த இந்தக் கண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே கண்தான் பின்னால் நாளந்தாவில் துறவிகளின் கால்களைப் பார்த்தது.

நாளந்தாவில் சுமார் பத்து ஆண்டுகள் இருந்தார். திரும்பும் வழியில் ஸ்ரீவிஜயத்தில் உட்கார்ந்து 40 அத்தியாயங்களில் ஒரு நூல் எழுதி, 692இல் சீனாவுக்கு அனுப்பிவைத்தார். தத்துவ வாதங்களைத் தேடி அதைத் திறந்தால் ஏமாற்றம்தான். பல் துலக்குவது, கை கழுவுவது, ஏழு அங்குல உயரப் பிரம்பு நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்து சாப்பிடுவது என்று உடம்பையே பேசுகிறது. என் பார்வையில் இட்சிங்கின் தத்துவம் இங்கேதான் இருக்கிறது. உடம்பு பழகாத ஒழுக்கம் மனதிலும் நிற்காது என்று நம்பியவர் அவர்.

23ஆம் அத்தியாயம் முழுக்க நடையைப் பற்றியது. இந்தியாவில் துறவியும் இல்லறத்தாரும் இரைச்சல் இல்லாத இடம் பார்த்து, ஒரே நேர்கோட்டில் போவதும் வருவதுமாக நடக்கிறார்கள். மதிய உணவுக்கு முன் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை. நோய் போகும், உண்டது செரிக்கும். நடக்காதவனுக்குக் கால் வீங்கும், வயிறு வீங்கும், தோளும் முழங்கையும் வலிக்கும், சளி கட்டும். புத்தர் நடந்த இடங்களில் செங்கல்லால் மேடை கட்டி, அதன்மேல் சுண்ணாம்பில் மலர்ந்த தாமரைகள் செய்து அடிச்சுவடுகளைக் குறித்திருந்ததையும் பார்த்து எழுதுகிறார். நம் தேரையரின் நோயணுகா விதியும் சாப்பாட்டுக்குப் பின் சிறுநடை சொல்கிறது. அதனால் இந்த அறிவுரை நமக்குப் புதிதில்லை.

புதிது அடுத்து வருவது. கோயிலையும் தூபியையும் வலம் வருவது புண்ணியத்துக்காக, பக்தியோடு செய்வது. இந்த நடை உடம்பைப் பேணவும் நோயைத் தீர்க்கவும் செய்வது. சீனாவில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள் என்கிறார். வலம் வரும் முறைக்குப் பின்னால் தனி அத்தியாயமே ஒதுக்குகிறார்.

சீனர்களுக்கு உடலசைவு பற்றிய சிந்தனை இல்லாமல் இல்லை. சாங்ஷா நகரின் மவாங்துய் கல்லறையில், கி.மு. 168இல் புதைக்கப்பட்ட ஒரு பட்டுத் துணி 1970களில் கிடைத்தது. கை தூக்கியும் இடுப்பு வளைத்தும் நிற்கும் ஆணும் பெண்ணுமாக அதில் 44 உருவங்கள். புலி, மான், கரடி, குரங்கு, பறவை என ஐந்து உயிர்களின் அசைவைப் பயிற்சியாக்கியவர் ஹுவா தோ என்ற மருத்துவர். ஓயாமல் சுழல்வதால்தான் கதவின் குடுமி உளுத்துப்போவதில்லை என்பது அவர் சீடனுக்குச் சொன்ன காரணம். ஆனால் இந்தப் பயிற்சிகள் நீண்ட ஆயுள், இறவாமை என்ற தாவோ மரபின் கனவோடு சேர்ந்தே வளர்ந்தன. நடைக்குப் புண்ணியம், பயிற்சிக்கு இறவாமை என்று எதிலும் ஒரு பெரிய பலன் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், உடம்புக்காக நடப்பதை உடம்புக்காகவே நட என்று ஒரு துறவி எழுதியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கிரிவலத்தையே உடற்பயிற்சியாகவும் கணக்கு வைக்கிற நாம் அவரோடு வாதாட இடமிருக்கிறது.

காஞ்சியிலிருந்து போதிதர்மர் கொண்டுபோன பயிற்சிதானே எல்லாம் என்று கேட்கும் வாசகர்களுக்கு: அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி. இட்சிங்கின் நூலோ கண்ணால் கண்டவர் கைப்பட எழுதியது.

695இல் லோயாங் திரும்பிய அவரைப் பேரரசி வூ நகரின் கிழக்கு வாசலுக்கே வந்து வரவேற்றார். 713இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்பிலேயே இருந்தார். இந்தியாவை இவ்வளவு மெச்சியவர், ஊசி மருத்துவத்திலும் நாடி பார்ப்பதிலும் மட்டும் சீனாவை மிஞ்ச ஆளில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். ஆனால் நோய் வந்தால் முதலில் சோற்றை நிறுத்து என்ற இந்திய வைத்தியம் அவரை வியக்கவைத்தது. நடு இந்தியாவில் ஏழு நாள், தென்கடல் தீவுகளில் இரண்டு மூன்று நாள் என்று ஊருக்கு ஊர் பட்டினிக்குக் கணக்கு வைத்திருக்கிறார். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.