சிரிப்பு எதை மாத்துச்சு, எதை விட்டுடுச்சு: வர்ஜீனியா 2012

ஒரு டிவி காமெடியால சட்டத்தை மாத்த முடியுமா? ‘முடியும்’னு சொல்ல நல்ல உதாரணம் அமெரிக்காவோட வர்ஜீனியா மாநிலம். நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். நடந்ததைத் தேதி வாரியா அடுக்கிப் பார்த்தப்போ கதை கொஞ்சம் மாறுச்சு.

2012 தொடக்கத்துல அந்த மாநில சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. கருக்கலைப்புக்கு முன்னாடி கட்டாயம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கணும். கேட்க சாதாரணமா இருக்குல்ல? ஆனா கரு ரொம்பச் சின்னதா இருக்கும்போது வயித்து மேல வெச்சு எடுக்கற ஸ்கேன்ல பெரும்பாலும் சரியா தெரியாது. பிறப்புறுப்பு வழியா கருவியைச் செலுத்தித்தான் பார்க்கணும். நம்ம ஊர் ஸ்கேன் சென்டர்ல டிவிஎஸ்னு சொல்வாங்களே, அது. மருத்துவக் காரணமே இல்லாம, அந்தப் பொண்ணோட விருப்பமும் கேட்காம, அரசு கட்டாயப்படுத்துது. இதுதான் பிரச்சினை.

முதல் கிண்டல் டிவியில வரல, சட்டமன்றத்துக்குள்ளேயே வந்தது. ஜேனட் ஹவல்னு ஒரு பெண் செனட்டர் ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க: விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை கேக்கற ஆம்பளைங்களுக்கு முதல்ல ஆசனவாய் பரிசோதனை கட்டாயம்! 19-க்கு 21-னு தோத்துச்சு. ஆனா எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

பிப்ரவரி 18: ‘சாட்டர்டே நைட் லைவ்’ல ஏமி போலரும் சேத் மையர்ஸும் இதைக் கிழிச்சு எடுத்தாங்க. பிப்ரவரி 20: தலைநகர் ரிச்மண்ட்ல பெண்கள் திரண்டு, ஒரு கோஷம்கூட இல்லாம அமைதியா நின்னாங்க. அதே வாரம் ‘டெய்லி ஷோ’ல ஜான் ஸ்டூவர்ட். நியூஸ்ல சொல்லவே தயங்கின மருத்துவ வார்த்தை இப்போ எல்லார் வீட்டு ஹால்லயும் கேட்டுச்சு. பிப்ரவரி 22: மசோதாவை ஆதரிச்ச ஆளுநர் பாப் மெக்டானல், உடலுக்குள்ள செலுத்தற ஸ்கேனைக் கட்டாயமாக்கக் கூடாதுன்னு பின்வாங்கினார்.

காமெடி ஜெயிச்சிடுச்சா? அவசரப்படாதீங்க. அந்த வருஷம் அதிபர் தேர்தல். துணை அதிபர் வேட்பாளரா மெக்டானல் பேரும் அடிபட்டுட்டு இருந்தது. சட்டச் சிக்கல் வேற இருந்தது. தெருவுல நின்ன பெண்களை மறக்கவே கூடாது. டிவி தனியா எதையும் செய்யல. ஆனா வழவழன்னு இருந்த ஒரு மசோதா நிஜத்துல ஒரு பொண்ணோட உடம்புக்கு என்ன செய்யும்னு புரிய வெச்சது. அது சின்ன விஷயம் இல்ல.

இனிமேதான் உறுத்தற பகுதி. மார்ச் மாசம் மெக்டானல் திருத்தின மசோதாவுல கையெழுத்துப் போட்டார். வயித்து மேல எடுக்கற ஸ்கேன் கட்டாயம்தான். ஸ்கேனுக்கு அப்புறம் பெரும்பாலானவங்க 24 மணி நேரம் காத்திருக்கவும் வேணும். வேலைக்கு லீவு கிடைக்காத பொண்ணுக்கு இது இன்னொரு நாள் கூலி, இன்னொரு பயணம். ஆனா காத்திருப்புல ஜோக் அடிக்க என்ன இருக்கு? கேமராக்கள் கிளம்பிடுச்சு. அந்த விதி நீங்க 2020 வரைக்கும் ஆச்சு.

எங்க வேலையில இதை அடிக்கடி பார்ப்பேன். ஸ்கிரீன்ல அசிங்கமா தெரியற பக்கை அன்னைக்கே சரி பண்ணிடுவோம். சத்தமில்லாம ஆளைப் படுத்தற பக் வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும்.

கிண்டலும் அப்படித்தான்னு தோணுது. அபத்தத்தைக் கரெக்டா பிடிச்சுடும், அலுப்பான அநியாயம் அதோட கண்ணுல படாது. அடுத்த தடவை ஒரு வீடியோ பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சீங்கன்னா, ஷேர் பண்ணுங்க. அப்படியே அந்த மசோதாவுல ஜோக் வராத பகுதியையும் ஒரு தடவை படிச்சிடுங்க.