மணி சங்கர் ஐயர்

தமிழ்க் குடும்பத்தில் 1941 ஏப்ரல் 10 அன்று லாகூரில் பிறந்த இவர், டில்லி ஸ்டீபன்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் கல்வி முடித்து, 1963இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். 1978 முதல் 1982 வரை கராச்சியில் இந்தியாவின் கான்சல் ஜெனரலாக இருந்து அந்நகர மக்களோடு பூண்ட சிநேகமே, அண்டை நாட்டோடு இடையறாது பேசுதல் வேண்டும் என்று பிற்காலத்தில் இவர் ஓயாது வற்புறுத்தியதற்கு ஆதாரமாயிற்று எனலாம்.

பிரதமர் ராஜீவ் காந்தியின் காரியாலயத்தில் அதிகாரியாயிருந்த இவர், 1989இல் உத்தியோகத்தைத் துறந்து காங்கிரஸில் சேர்ந்து, 1991, 1999, 2004 ஆகிய ஆண்டுகளில் மயிலாடுதுறைத் தொகுதியின் பிரதிநிதியாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2004இல் மந்திரி பதவியேற்றுப் பெட்ரோலியம், பஞ்சாயத்து ராஜ்யம் முதலிய இலாகாக்களை வகித்தார். இவற்றுள், 1993இல் அமலுக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின்படி கிராம சபைகளுக்கு மெய்யான அதிகாரம் சேர வேண்டுமென இவர் செய்த பிரயத்தனமே தலையாயது என்பது நம் அபிப்பிராயம். 2009இல் தோல்வியுற்றபின், 2010 முதல் 2016 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராயிருந்தார்.

ராஜதந்திரப் பணியினின்று சட்டசபைக்கு வருதல் பிற தேசங்களிலும் உண்டு. டச்சுக்காரரின் நாட்டில், யாப் டெ ஹூப் ஸ்கெஃபர் அவ்வாறே 1986இல் பாராளுமன்றம் புகுந்து, வெளிநாட்டு மந்திரியாகிப் பின்னர் நேட்டோ அமைப்பின் பொதுச் செயலாளருமானார்.