எடையா, மருந்தளவா? மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் கவனம் பெறாத ஒரு வேறுபாடு

உடல் பருமன் உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்பது இத்துறையில் பழைய செய்தி. ஜப்பானில் அபே குழுவினர் 1976இலும் அமெரிக்காவில் டோனகன் குழுவினர் 1978இலும் இதை எழுதிவிட்டார்கள். அதற்குப்பின் குவிந்த ஆய்வுகளில் 43ஐத் திரட்டி, புரோட்டானி, கூரி, மார்ட்டின் மூவரும் 2010இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். பருமன் உள்ளவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைப்போல் 1.33 மடங்கு என்பது அவர்கள் கண்ட விடை.

அந்த எண்ணை நான் மறுக்கவில்லை. அதைப் பகுத்துப் பார்த்த இடத்தில் அவர்கள் நிற்காமல் போனதைத்தான் மறுக்கிறேன். சிகிச்சைப் பரிசோதனைகளில் சேர்ந்த பெண்களிடம் இந்த விகிதம் 1.22, மற்ற கண்காணிப்பு ஆய்வுகளில் 1.36. புள்ளியியல்படி இந்த வேறுபாடு உறுதிப்படவில்லை என்று சொல்லி மூவரும் நகர்ந்துவிடுகிறார்கள். உறுதிப்படவில்லை என்பதும் வேறுபாடே இல்லை என்பதும் ஒன்றாகிவிடாது. பரிசோதனையில் மருந்தளவை நெறிமுறை வகுக்கிறது, அதைக் கண்காணிக்கவும் ஆள் உண்டு. வெளியே மருத்துவரின் கைதான் முடிவு செய்கிறது.

அந்தக் கை என்ன செய்தது? கீமோதெரபி மருந்தை உயரத்தையும் எடையையும் கொண்டு உடல் பரப்பளவைக் கணக்கிட்டுத் தருவது வழக்கம். 160 செ.மீ. உயரமும் 100 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு மோஸ்டெல்லர் சூத்திரப்படி பரப்பளவு சுமார் 2.11 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 600 மி.கி. சைக்ளோபாஸ்பமைடு என்றால் ஏறத்தாழ 1,265 மி.கி. வரும். நச்சு விளைவுக்கு அஞ்சி, இருக்கும் எடையை விட்டுவிட்டு 'இருக்க வேண்டிய' 55 கிலோவை வைத்துக் கணக்கிட்டால் அது 940 மி.கி.க்குக் கீழே இறங்கிவிடும். கால்பங்கு மருந்து அப்படியே போய்விடுகிறது.

இது வெறும் ஊகமன்று. சர்வதேச மார்பகப் புற்றுநோய் ஆய்வுக் குழுவின் பழைய பரிசோதனைகளை 2005இல் கொலியோனி குழுவினர் மறுபடி புரட்டினார்கள். முதல் சுற்றிலேயே உரிய அளவில் 85 விழுக்காட்டுக்கும் குறைவாக மருந்து பெற்றவர்கள், பருமன் உள்ள பெண்களில் 39 விழுக்காடு. மற்றவர்களில் 16 விழுக்காடுதான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத புற்று உள்ளவர்களில், அளவு குறைந்தவர்களின் நிலை மோசமாக இருந்தது. நெறிமுறை இருந்த இடத்திலேயே இப்படியென்றால், அது இல்லாத இடத்தில் குறைப்பு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். உண்மையான எடைக்கேற்ற முழு அளவைத் தரவேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் வழிகாட்டியது 2012இல்தான்.

என் வாசிப்புக்கு எதிரான சான்றும் அதே தொகுப்பாய்வில் இருக்கிறது. 1995க்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களிடம் 1.31, பின்னவர்களிடம் 1.49. மருந்தளவு மட்டுமே காரணமென்றால் பிற்காலத்தில் இது குறைந்திருக்க வேண்டும். ஆனால் குறைக்கும் பழக்கம் எந்த ஆண்டில் எங்கே தளர்ந்தது என்பதற்குத் தெளிவான பதிவில்லை. 1995 என்ற கோடு அதற்காகப் போடப்பட்டதும் அன்று. டென்மார்க்கில் ஏவர்ட்ஸ் குழுவினர் 2011இல் காட்டியது இன்னும் கடினமான கேள்வி. 10 ஆண்டுகளுக்குப் பின்னும் பருமன் உள்ளவர்களுக்குப் புற்று தொலைவில் பரவும் அபாயம் 46 விழுக்காடு அதிகம். இவ்வளவு தாமதமாகத் திரும்பும் நோயை முதல் சுற்று மருந்தோடு முடிச்சுப்போடத் தயங்குகிறேன். ஸ்பரானோ குழுவினர் 2012இல் ஆராய்ந்த பரிசோதனைகளில் பருமனின் பாதிப்பு ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றில் மட்டுமே தெரிந்தது. அங்கே மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவில் உருவாகும் ஈஸ்ட்ரோஜனும் இன்சுலினும் காரணமாக இருக்கலாம். ஆக, 1.33 என்ற ஒரே எண்ணுக்குள் குறைந்தது இரண்டு வேறு நோய்க்கதைகள் கலந்து கிடக்கின்றன.

நோயால் தவிக்கும் பெண்ணின்மேல் எடைக்குறைப்பையும் சுமத்த இப்போதைக்குக் காரணமில்லை என்று தொகுப்பாய்வை எழுதிய மூவரும் சொல்கிறார்கள். அந்தப் பரிவை மதிக்கிறேன். ஆனால் சுமையை அவள்மேல் ஏற்றாமலே சரிசெய்யக்கூடிய ஒன்று மருத்துவரின் மருந்துச் சீட்டில் இருந்தது. உண்மையில் கொடுத்த அளவு பதிவாகியுள்ள பழைய தரவுகளை ஏற்பிவாரியாகப் பிரித்து மறுபடி கணக்கிட வேண்டும். அளவே பதிவாகாதவற்றை வைத்துப் பருமனின்மேல் முழுப் பழியும் போடுவதை அதுவரை நிறுத்திவைக்க வேண்டும்.